பெர்னாட் கேட்ட குளம்

காசு கொடுத்து மீன் பிடிக்கிறவர்களைக் கண்டால் பெர்னாட்டுக்கு ஆகவே ஆகாது. "கடையில காசு குடுத்தா வெட்டிக் கழுவியே குடுத்துருவான். இவனுங்க காசையும் குடுத்து வெயில்லயும் காயிறானுங்க, லூசுப் பசங்க" என்பான். சொல்லத் தகுதியுள்ள ஆள்தான். கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். வளர்ந்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரியை எண்ணெய் ஆலைக்கு ஓட்டிய காலத்தில், இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு மூங்கில் தூண்டில் கிடக்கும். ஆலை வாசலில் வரிசை நீளமாக இருந்தால் போதும், ஐயா இறங்கிவிடுவார். மற்ற ஓட்டுநர்கள் தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் பக்கத்துக் கால்வாயிலிருந்து ஒரு விராலோ இரண்டு கெளுத்தியோ வாளியில் துள்ளிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட ஆளைத்தான் சிறுநீரகம் குப்புறத் தள்ளியது. ரத்தக் கொதிப்பு இருக்கிறது, மாத்திரையைப் போடு போடு என்று மனைவி வெரோனிக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! இப்போது திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நகரத்தில் உள்ள நிலையத்துக்குப் போய், இயந்திரத்தோடு உடம்பைக் கோத்துவிட்டு, ரத்தம் கழுவி முடியும்வரை மல்லாந்து கிடக்க வேண்டும். ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் நரம்பை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடம் கயிறு மாதிரி புடைத்து நிற்கும், தொட்டால் உர்ரென்று அதிரும். அந்தக் கையால் வாளி தூக்கக் கூடாது. லோரி போயிற்று. தண்ணீரும் போயிற்று. நாள் முழுதுக்கும் ஒரு சின்னப் போத்தல்தான் குடிக்கலாம். கால்வாயிலேயே கிடந்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

இதையெல்லாம்கூட அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினான். தாங்க முடியாதது பாலர் பள்ளியிலிருந்து வந்தது. அவனுக்கு ஒரே மகள், செரீனா, ஆறு வயது. வகுப்பில் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையிடமும் உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். போலீஸ், மெக்கானிக், ஆபீஸ் கிராணி என்று ஒவ்வொன்றும் சொல்லியிருக்கிறது. இவள் எழுந்து நின்று, "எங்க அப்பாவுக்கு வேல படுத்துக்கிறது, டீச்சர். திங்க, புதன், வெள்ளி" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். வெரோனிக்கா வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாதியில் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, சாமான் கழுவப் போய்விட்டாள்.

பிள்ளை மேல் தப்பில்லை. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் படுத்திருப்பவர், தலை சுற்றுபவர், கையைத் தொடக் கூடாதவர். ஒருமுறை தஞ்சோங் காராங் வயல் கால்வாய்க்கு அவளை மீன் பிடிக்கக் கூட்டிப்போனான். தூண்டிலைப் போடுவதற்கு முன்பே ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருண்டு, சேற்றில் சரிந்துவிட்டான். செரீனா அலறிய அலறலில் வயலில் நின்ற மலாய்க்காரர் ஒருவர் ஓடிவந்து இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வெரோனிக்கா மாதா படத்துக்கு முன்னால் அவனை நிறுத்தி, இனி கால்வாய்ப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள்.

ஆகவே பெர்னாட்டுக்கு இப்போது ஒரே ஆசைதான். ஒரே ஒரு மீன். அவன் சொல்லிக்கொடுத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, செரீனா தன் கையால் தூக்க வேண்டும். எங்க அப்பா மீன் பிடிக்கிறவர் என்று ஒரு தடவையாவது அந்த வாய் சொல்ல வேண்டும். நாளைக்கே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பிள்ளையின் மனசில் நிற்கும் அப்பா கட்டிலில் கிடக்கும் அப்பாவாக இருக்கக் கூடாது. இதை அவன் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. "பள்ளி லீவுக்கு எங்கயாச்சும் கேம்பிங் போவோமே" என்று மட்டும்தான் சொன்னான்.

சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தான். ஐயோ, அந்தத் தேடலைக் கேட்காதீர்கள்! இடத்தில் படி இருக்கக் கூடாது. கழிவறை கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். கரை சேறாக இருக்கக் கூடாது. மீன் பெரிதாக இருந்தால் பிள்ளையைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். சின்னதாக இருந்தால் தூண்டிலில் மாட்டாது. ரொம்ப நேரம் காக்க வைக்கிற மீனும் ஆகாது, பிள்ளைக்கும் பொறுமை கிடையாது, அவனுக்கும் அவ்வளவு நேரம் வெயிலில் உட்காரத் தெம்பு கிடையாது. வெரோனிக்காவின் தம்பி கிறிஸ்டியன்தான் காரோட்டிக்கொண்டு போவதாக இருந்தான். அவன் இந்த நிபந்தனைகளையெல்லாம் கேட்டுவிட்டு, "மச்சான், நீங்க தேடுறது மீனா, பாப்பாவுக்கு மாப்பிள்ளையா?" என்றான்.

முதலில், வேறு வழியில்லாமல், ஒரு கட்டண மீன்குளத்துக்கே போய்ப் பார்த்தார்கள். ஆளுக்கொரு சிகரெட்டோடு போட்டிக்கு வந்த கூட்டம். தொடை பருமனில் ஒரு பாத்தின் மீன் சிக்கி, பிடித்தவனையே முழங்கால் தண்ணீர்வரை இழுத்துப் போனது. பார்த்ததும் பெர்னாட் திரும்பிவிட்டான். சிலாங்கூர் ஆற்றோரம் நல்ல புல்தரை, நல்ல நிழல், பக்கத்திலேயே முதலை படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. அதையும் விட்டார்கள். கடலோரம் என்றால் உளைச் சேறு. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தண்ணீரில் தூண்டில் போட்டாலும் மீன் எடுத்தவன், கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரப் படங்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கே அவன்மேல் எரிச்சலாக வந்தது.

அப்படித் தள்ளும்போதுதான் உலு யாமில் ஒரு கேம்ப்சைட் கண்ணில் பட்டது. சமதரை, மரநிழல், கழிவறை பக்கத்திலேயே. கீழே, பிள்ளைகளுக்குக் 'கோலாம்' உண்டு என்று மலாயில் போட்டிருந்தது. பெர்னாட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே கூப்பிட்டான்.

"பாங், கோலாம் அடா?" அண்ணே, குளம் இருக்கிறதா?

"அடா, அடா! கோலாம் பூடாக். செத்தேக் சாஜா." இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் குளம், ஆழமே இல்லை.

"ஈக்கான் அடா?" மீன் இருக்கிறதா?

"ஈக்கான்? பன்யாக்! மாலாம் போலே பாக்கார்." மீனா, நிறைய! ராத்திரி சுட்டுச் சாப்பிடலாம்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? "மலாய்க்காரன் கோலாம்ங்கிறது நம்ம குளம்தான் லா. நம்ம வார்த்தையத்தான் கொண்டுபோய் வெச்சிருக்கான்" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டான். வெரோனிக்கா பேரங்காடியில் கல்லாவில் உட்காருகிறவள், எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள். "மீன் பிடிக்கலாமான்னு கேட்டீங்களா?" என்றாள்.

"குளம் இருக்குன்னான். மீன் இருக்குன்னான். அப்புறம் அதுல என்ன, துணியா தொவைப்பாங்க?"

அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

லோரி இருக்கைக்குப் பின்னால் கிடந்த அந்தப் பழைய மூங்கில் தூண்டிலை எடுத்து, செரீனாவின் உயரத்துக்கு அறுத்தான். நுனியை உரசி வழவழப்பாக்கினான். புதுத் தக்கை, சின்ன முள். கூடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துப் பயிற்சி நடந்தது.

"தக்கை முங்குனா என்னா பண்ணணும்?"

"தூக்கணும்."

"எப்படி?"

"வெடுக்குனு இழுக்காம, மெதுவா. இவ்ளோ தடவ சொல்லிட்டியேப்பா!"

வெள்ளிக்கிழமை ரத்தம் கழுவி, மறுநாள் சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பெஸ்தாரி ஜெயா, ரவாங் என்று வழி நெடுக பெர்னாட் விரால் கதை, கெளுத்தி முள் குத்திய கதை என்று அளந்துகொண்டே வந்தான். செரீனா தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் இவ்வளவு பேசுவான் என்பதே அவளுக்குத் தெரியாது.

கேம்ப்சைட்காரர் வயசான மலாய்க்காரர். தோளில் துண்டோடு வந்து, தன்னை 'பாக் சு' என்றே கூப்பிடச் சொன்னார். நல்ல மனுஷன். குளம் எங்கே என்று பெர்னாட் கேட்ட உடனே, பெருமையாக முன்னால் நடந்து போய்க் காட்டினார்.

நீல டைல்ஸ் ஒட்டிய நீச்சல் தொட்டி. நடுவில் காளான் மாதிரி ஒரு குடை, அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஓரத்தில் பிளாஸ்டிக் வாத்து ஒன்று மிதந்தது. காலையில்தான் குளோரின் தூள் போட்டிருக்கிறார் போல, மூக்கில் சுள்ளென்று ஏறியது.

"ஈக்கான் மானா, பாக் சு?" என்றான் பெர்னாட். மீன் எங்கே?

அவர் உற்சாகமாகச் சமையற்கட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், அவர்கள் பேச்சில் தோங்கு. காற்றுக் குழாய் ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ராத்திரி சுடுவதற்காக உயிரோடு வாங்கி வைத்த திலாப்பியா மீன்கள்.

அந்த மனுஷன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. குளம் இருந்தது, மீன் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் என்று அவர் எங்கே சொன்னார்?

வெரோனிக்காவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "துணியா தொவைப்பாங்கன்னு கேட்டீங்களே..." என்று ஆரம்பித்தவள், அவன் நின்ற நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நிஜமான தண்ணீர் இல்லாமலும் இல்லை. கீழே பள்ளத்தில் ஆறு ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அதற்குப் போகப் பாறையில் வெட்டிய செங்குத்துப் படிகள். பெர்னாட் முதல் படியில் நின்று எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

"வுடுங்க மச்சான். பாப்பாவ நான் தூக்கிட்டுப் போறேன். ரெண்டே நிமிஷத்துல ஒன்னு புடிக்க வெச்சிர்றேன்" என்றான் கிறிஸ்டியன்.

"வாணாம்."

"ஏன் மச்சான்?"

"வாணாம்னா வாணாம் லா!"

கிறிஸ்டியனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவன் என்ன கண்டான்? மாமா கையால் பிடிக்க வைக்கிற மீன் ஊரில் எந்தக் குளத்திலும் கிடைக்கும். பெர்னாட்டுக்கு வேண்டியது அதுவல்ல.

பாக் சுவுக்கு விஷயம் புரிந்ததும் மனசு கேட்கவில்லை. பிள்ளை அந்தப் பீப்பாயிலேயே தூண்டிலைப் போடட்டுமே, காசு வேண்டாம் என்றார். பெர்னாட் தலையாட்டி மறுத்துவிட்டான். சமையற்கட்டுப் பீப்பாயிலிருந்து தூக்குவது என்ன மீன் பிடிப்பு? காசு கொடுத்துக் குளத்தில் பிடிக்கிறவனையே கேலி பண்ணினவன், அடுப்புக்குப் போகிற மீனைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான் என்றா பிள்ளை நினைவில் வைத்திருக்க வேண்டும்? வறட்டுக் கௌரவம்தான். ஆனால் அவனிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. கிறிஸ்டியன் கரி வாங்க டவுனுக்குப் போனான். வெரோனிக்கா கூடாரத்துக்குள் கண்ணயர்ந்தாள். செரீனா ஒரு பூனைக்குட்டியைத் துரத்திக்கொண்டு கூடாரத்துப் பின்பக்கம் போனாள். நல்ல வெயிலென்று தொட்டியில் ஒரு பிள்ளையும் இல்லை. பெர்னாட் எழுந்து, மெல்ல நடந்து, பாக் சுவிடம் போய் ஒரு மீன் கேட்டான்.

எதற்கென்று தெரிந்ததும் அவர் தயங்கினார். "ஆயர் இத்து அடா உபாட், நாக்." மருந்து போட்ட தண்ணீரப்பா அது.

"செக்கெஜாப் சாஜா, பாக் சு." கொஞ்ச நேரம்தான்.

பெர்னாட்டுக்குத் தெரியாதா என்ன? வீட்டு மீன்தொட்டிக்குக் குழாய்த் தண்ணீரையே ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் போன பிறகுதான் விடுவான். நன்றாகவே தெரியும். தெரிந்துதான் வாளியை வலது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, அந்த மீனைக் கொண்டுபோய் நீலத் தொட்டியில் விட்டான். பீப்பாய் மீன் என்று பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை. பசித்த மீன், புழுவைப் பார்த்ததும் கடிக்கும். கடித்ததும் பிள்ளை தூக்கிவிடுவாள். தூக்கியதும் திரும்பப் பீப்பாயில் போட்டுவிடலாம். அப்படி ஒரு கணக்கு. ஆசை வந்துவிட்டால் மனுஷனுக்கு மண்டை மழுங்கிவிடுகிறது.

"செரீனா! ஓடியா, ஓடியா! இதுல ஒரு மீன் இருக்கு!"

அவள் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தூண்டிலை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் புழுவைக் கோத்துக் கொடுத்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே வீசினாள். தக்கை வாத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. மீன் நீலத் தரையில் சர் சர்ரென்று சுற்றியது. பெர்னாட் முன்னால் குனிந்து உட்கார்ந்தான், தோட்டத்துக் கால்வாயில் முதல் விராலுக்குக் காத்திருந்த பையன் மாதிரியே.

"தக்கையையே பாரு. இப்ப வரும் பாரு."

மீன் வந்தது. தக்கைக்கு வரவில்லை. மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி, காற்றை விழுங்கியது. மறுபடி விழுங்கியது. செவுள் ஓரம் சிவந்திருந்தது. பெர்னாட் அதைப் பார்த்த உடனே புரிந்துகொண்டான்.

"கிறிஸ்டி!" என்று கத்தினான். கிறிஸ்டி எங்கே இருக்கிறான்? எழுந்து தொட்டிக்குள் இறங்கப் பார்த்தான். ஒரு காலை உள்ளே வைத்ததும் தலை கிறுகிறுவென்று சுற்றியது. அப்படியே விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கைக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி மீன் ஒருக்களித்துக் கிடந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"அப்பா, அதுக்குத் தண்ணி ஒத்துக்கலியா?" என்றாள் செரீனா. "உனக்கு மாதிரியே?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

அவள் எழுந்து ஓடினாள். நாற்காலிக்கடியில் இருந்த அவனுடைய சின்னப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு முழுதும் அவன் குடிக்க வேண்டிய தண்ணீர், பாதிக்கு மேல் மீதியிருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, மீனுக்குப் பக்கத்தில் போய், "இது அப்பா தண்ணி. நல்ல தண்ணி. குடி, குடி" என்று அதன் வாயில் ஊற்றினாள். போத்தல் காலியாயிற்று. மீனின் வாய் இன்னும் இரண்டொரு தடவை திறந்தது, அப்புறம் திறக்கவில்லை.

அவள் திரும்பி வந்து ஈரப் பாவாடையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மீனுக்கெல்லாம் ரத்தம் கழுவுற மெசின் இல்லியாப்பா?"

"இல்லம்மா."

"பாவம்" என்றாள். "உனக்காச்சும் இருக்கு."

பெர்னாட் அழுதுவிட்டான். லோரி போன அன்றைக்கு அழாதவன், கையில் முதல் ஊசி ஏறிய அன்றைக்கு அழாதவன், பிளாஸ்டிக் வாத்துக்கு முன்னால் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதான். எதற்கு என்று அவனைக் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. செரீனா அவன் மீனுக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்தாள். தொடக் கூடாத அந்த இடது கையின் மேல், புடைத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, தன் கையை மெல்ல வைத்தாள்.

"அழாதப்பா. அந்தத் தாத்தா தோங்குல இன்னும் நெறைய இருக்கு. நீ வாளில கொண்டாந்து போட்டியே, பூனைகிட்ட இருந்தப்ப பாத்தேன்" என்றாள். "இன்னொன்னு கேட்டா குடுப்பாரு. வேற தண்ணில வெச்சுப் புடிப்போம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் அதற்குள் தூண்டிலை எடுத்து, நூலைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.